அயல் வட்டாரத்துப் பிள்ளை

அமெரிக்க ஐக்கிய நாட்டின் வடபுறத்து ராஜ்யங்களில் ஒன்றாகிய விஸ்கான்ஸினில், வெளியே பனி கொட்டிக் கிடக்கும் ஜனவரி மாதத்தில், ஒவ்வொரு பள்ளி வட்டாரத்தின் நிர்வாக சபையும் கூடி ஒரு பட்டியலை நிர்ணயம் செய்ய வேண்டும் என்பது சட்டம். பார்வைக்கு அது சாமானியமான காகிதந்தான்; ஒரு பக்கத்தில் வகுப்புகளை வரிசையாக எழுதி, எதிர்ப் பக்கத்தில் ஒவ்வொரு வகுப்புக்கும் நேராக ஓர் எண்ணைப் போட்டிருப்பார்கள். ஒரு வகுப்புக்கு நேரே ஏழு என்றும், அடுத்ததற்கு நேரே இரண்டு என்றும், அதற்கும் அடுத்ததற்கு நேரே வெறும் பூஜ்யம் என்றும் இருக்கக்கூடும். விசேஷக் கவனிப்பு வேண்டியிருக்கிற பிள்ளைகளுக்கென்று தனிக் கணக்கு ஒன்றும் உண்டு. வட்டாரத்தின் எல்லைக்கு வெளியே வசிக்கிற பெற்றோர்கள், பிப்ரவரியில் தொடங்கி ஏப்ரல் முடிவதற்குள் மனுச் செய்துகொண்டால், அந்த எண்களின் அளவுக்கு அவர்களுடைய பிள்ளைகளுக்கு இடம் உண்டு. இடத்தைவிட மனுக்கள் மிகுந்துவிட்டால் சீட்டுக் குலுக்கிப் போடுவார்கள். ஓப்பன் என்ரோல்மென்ட் என்று அந்நாட்டார் அழைக்கும் இந்த ஏற்பாட்டின்படி 1998-இல் முதன்முதலாக எல்லை தாண்டிய விஸ்கான்ஸின் பிள்ளைகள் சுமார் 2,500 பேர். இப்பொழுது அந்தத் தொகை 70,000-ஐத் தாண்டிவிட்டது.

பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பிள்ளையைச் சேர்ப்பதற்கு இத்தனை சட்டமும் சபையும் சீட்டும் எதற்கு என்று நம் வாசகர்களுக்குத் தோன்றுவது இயல்பு. நம்முடைய கிராமத்துச் சர்க்கார் பள்ளிக்கூடத்து ஆசிரியருக்குச் சம்பளம் சென்னைக் கஜானாவிலிருந்து வருகிறது. அயலூர்ப் பிள்ளை ஒன்று வந்து சேர்ந்தால் தலைமையாசிரியர் சந்தோஷப்படுவாரே ஒழிய, உன் தகப்பனார் எந்த ஊரில் வரி கட்டுகிறார் என்று விசாரிக்கமாட்டார். அமெரிக்காவிலோ பள்ளி வட்டாரம் என்பது பெரும்பாலும் ஒரு தனிச் சிறு ராஜாங்கம். அதற்கென்று பூகோளப் படத்தில் கோடு போட்ட எல்லை உண்டு, ஜனங்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் சபை உண்டு, எல்லைக்குள் இருக்கிற வீட்டுக்கும் நிலத்துக்கும் வரி விதிக்கும் அதிகாரமும் உண்டு. குழந்தையின் கால் எவ்வளவு தூரம் நடக்கும் என்பதை உத்தேசித்துப் போட்ட கோடு, நாளடைவில் வரிப் பணத்தைச் சுற்றிப் போட்ட வேலியாக மாறிய கதையே, அயல் வட்டாரத்துப் பிள்ளையின் கதை.

1647-ஆம் ஆண்டில் மாசசூஸெட்ஸ் குடியேற்றத்தார் இயற்றிய சட்டத்திலிருந்து இதைத் தொடங்குவது வழக்கம். ஜனங்களை வேதாகமம் வாசிக்கவொட்டாமல் அஞ்ஞானத்தில் ஆழ்த்தி வைப்பது சாத்தானுடைய பழைய தந்திரங்களில் ஒன்று என்று பீடிகை போட்டுக்கொண்டு, ஐம்பது குடும்பங்கள் உள்ள ஒவ்வோர் ஊரும் எழுத்தும் வாசிப்பும் கற்பிக்க ஓர் ஆசிரியரை நியமிக்க வேண்டும் என்றும், நூறு குடும்பங்கள் ஏற்பட்டுவிட்ட ஊர் லத்தீன் முதலியவை போதிக்கும் இலக்கணப் பள்ளி ஒன்றை நடத்த வேண்டும் என்றும் அச்சட்டம் விதித்தது. அந்நாளில் கோயிலைச் சுற்றியே ஊர் இருந்தமையால் ஒரு பள்ளிக்கூடம் போதுமானதாயிருந்தது. பின்பு காட்டை வெட்டிக் கழனியாக்கிக்கொண்டு குடும்பங்கள் நாலா திசைகளிலும் பரவிப் போகவே, பனிக் காலத்தில் ஐந்தாறு மைல் நடந்து ஊர் நடுவுக்கு வர முடியாத பிள்ளைகளுக்காக, ஆசிரியர் ஒருவரே ஒரு மூலையில் சில வாரங்களும் மறு மூலையில் சில வாரங்களுமாகச் சுற்றிச் சுற்றிப் பாடம் சொல்லும் ‘நகரும் பள்ளிக்கூடம்’ பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஏற்பட்டது. ஆசிரியர் சுற்றுவதற்குப் பதிலாக மூலைக்கு ஒரு பள்ளிக்கூடமே இருக்கட்டும் என்று ஜனங்கள் தீர்மானித்தபோது பிறந்ததுதான் வட்டாரம். 1789-ஆம் வருஷத்துச் சட்டம் அதற்கு அங்கீகாரம் அளித்தது. பின்னால் வந்த சட்டங்கள் வரி தண்டும் உரிமையையும் சேர்த்துக் கொடுத்தன.

அந்த ராஜ்யத்துக் கல்விச் சபையின் முதல் காரியதரிசியாக 1837-இல் பதவி ஏற்ற ஹோரேஸ் மான், பொதுக் கல்வியைப் பற்றி அங்கே இயற்றப்பட்ட சட்டங்கள் எல்லாவற்றிலும் மிகவும் துர்ப்பாக்கியமானது இந்த 1789-ஆம் வருஷத்துச் சட்டமே என்ற கருத்தை எழுதி வைத்திருக்கிறார். குதிரையேறி ஊர் ஊராகச் சென்று, ஒழுகும் கூரைகளையும் முதுகு சாய இடமில்லாத பலகைகளையும் பார்த்தவர் அவர்; பணமுள்ள வட்டாரம் நல்ல ஆசிரியரை அமர்த்திக்கொள்ள, அடுத்த வட்டாரம் மலிவான ஆளைத் தேடுகிறது என்பதையும் கண்டவர். ஆயினும் அவர் அவ்வளவு கடுமையாகப் பேசியது எனக்கு முழுவதும் நியாயமாகப் படவில்லை. முப்பது நாற்பது குடும்பங்கள் தாமே கூடி, தாமே வரி போட்டுக்கொண்டு, தம் பிள்ளைகளுக்கு ஆசிரியர் தேடிய அந்தச் சிறிய ஸ்தாபனத்தில், பின்னால் வந்த பெரிய நிர்வாகங்களில் காணக் கிடைக்காத ஒரு பொறுப்புணர்ச்சி இருந்தது. எப்படியாயினும் மாசசூஸெட்ஸ் 1882-இல் ஊருக்குள் இருந்த வட்டாரங்களை அடியோடு எடுத்துவிட்டு, ஊர் முழுவதையுமே ஒரே நிர்வாகத்தின்கீழ்க் கொண்டுவந்தது.

மேற்கே அப்படியில்லை. 1785-ஆம் வருஷத்து நில ஒழுங்குச் சட்டம், ஓஹியோ நதிக்கு அப்பாலிருந்த பரந்த பூமியை ஆறு மைலுக்கு ஆறு மைல் சதுரங்களாக அளந்து, ஒவ்வொரு சதுரத்தையும் 640 ஏக்கர் கொண்ட 36 கூறுகளாகப் பிரித்து, பதினாறாவது கூறு பள்ளிக்கூடத்துக்கு என்று குடியேற்றம் நடப்பதற்கு முன்பே ஒதுக்கி வைத்துவிட்டது. அந்தச் சமவெளியில் ஓராசிரியர் பள்ளிகள் முளைத்துப் பெருகின. இருபதாம் நூற்றாண்டின் இரண்டாவது பத்தாண்டில் அவற்றின் தொகை சுமார் இரண்டு லட்சம். ஓர் அறை, நடுவே ஓர் இரும்பு அடுப்பு, எட்டு வகுப்புக்கும் ஓர் ஆசிரியை. அடுப்புக்கு வேண்டிய விறகைப் பிள்ளைகளின் தகப்பன்மாரே முறை வைத்துக் கொண்டுவந்து போட வேண்டும்.

எல்லைக்கு அப்பாலிருந்த பிள்ளையை அந்த நாளில் என்ன செய்தார்கள் என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். கோட்டின் ஓரத்தில் பண்ணை வைத்திருக்கும் ஒருவனுக்குத் தன் வட்டாரத்துப் பள்ளிக்கூடம் தூரமாகவும், அடுத்த வட்டாரத்துப் பள்ளிக்கூடம் கூப்பிடு தூரத்திலும் இருந்துவிட்டால், அவன் ஊர்க் கூட்டத்தில் மனுப் போடுவான்; இன்னாரையும் அவருடைய பண்ணையையும் இந்த வட்டாரத்திலிருந்து பிரித்து அந்த வட்டாரத்தோடு சேர்த்திருக்கிறது என்று கூட்டம் தீர்மானம் செய்யும். மாசசூஸெட்ஸ், வெர்மான்ட் முதலிய நியூ இங்கிலாந்து ராஜ்யங்களின் ஊர்களுடைய பழைய குறிப்பேடுகளில் இப்படிப்பட்ட தீர்மானங்கள் மலிந்து கிடக்கின்றன. பிள்ளை கோட்டைத் தாண்டவில்லை, கோடுதான் பண்ணையைச் சுற்றிக்கொண்டு நகர்ந்தது. பிள்ளையோடு தகப்பனின் வரியும் போயிற்று, அவனுடைய வாக்கும் போயிற்று. ஆகையால் வாங்கிக்கொண்ட வட்டாரத்தார் முணுமுணுக்க இடமில்லை. விட்டுக்கொடுத்தவர்கள்தாம் கூட்டத்தில் எழுந்து ஆட்சேபித்தார்கள்.

உயர்தரப் பள்ளிக்கூடங்கள் தோன்றியபோது கோட்டை நகர்த்தித் தீர்க்க முடியாத கஷ்டம் வந்தது. கலமஸூ நகரத்து வழக்கில், உயர்தரப் பள்ளிக்கும் ஜனங்களின் மீது வரி விதிக்கலாம் என்று மிச்சிகன் ராஜ்யத்து உச்ச நீதிமன்றத்துக்காக நீதிபதி தாமஸ் கூலி 1874-இல் எழுதிய தீர்ப்புக்குப் பிறகு, பட்டணங்கள் அத்தகைய பள்ளிகளைத் துணிந்து கட்டின. எட்டாம் வகுப்போடு நின்றுபோகிற நாட்டுப்புற வட்டாரங்களுக்கு அந்தச் சக்தி ஏது? வெர்மான்ட் ராஜ்யம் 1869-இலும் மெயின் ராஜ்யம் 1873-இலும் இதற்கு ஒரு வழி கண்டன. தனக்கென்று உயர்தரப் பள்ளி இல்லாத ஊர், தன் பிள்ளை வேறெங்கே போய்ப் படித்தாலும் அதற்குரிய பள்ளிச் சம்பளத்தைத் தன் கஜானாவிலிருந்து கட்டிவிட வேண்டும் என்பது ஏற்பாடு. மெயினில் 1792-இல் ஏற்பட்ட ஃப்ரைபர்க் அகாடமியும், வெர்மான்டில் 1842-இல் ஏற்பட்ட ஸெயின்ட் ஜான்ஸ்பரி அகாடமியும், தருமகர்த்தாக்கள் நடத்தும் தனிப் பள்ளிகளாயிருந்தும், சுற்று வட்டாரத்து ஊர்ப் பிள்ளைகளை ஊர்ப் பணத்திலேயே தலைமுறை தலைமுறையாகப் படிக்க வைத்துவருகின்றன. மலைச் சாரலில் சில நூறு ஜனங்களே உள்ள ஓர் ஊர், தனக்கென்று கட்டடம் இல்லாமலே தன் பிள்ளைகளின் படிப்புக்குப் பொறுப்பேற்றுக்கொள்ளும் இந்த முறையைப் போல் விவேகமான ஏற்பாடு இந்த விஷயத்தில் வேறொன்று எனக்குத் தென்படவில்லை. மத சம்பந்தமான பள்ளிகளுக்கும் அந்தப் பணம் போகலாமா என்ற விவகாரம் மட்டும் நீண்டுகொண்டே வந்து, கொடுக்க மறுப்பது அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்று 2022-இல் மெயின் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொல்லும் அளவுக்குப் போயிற்று. அது வேறு கதை.

பிறகு பஸ் வந்தது. கொலம்பியா சர்வகலாசாலையைச் சேர்ந்த ஃபிராங்க் ஸைர் என்ற பேராசிரியர் 1939-ஆம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் நியூயார்க்கில் ஒரு மகாநாட்டைக் கூட்டி, பள்ளிக்கூட பஸ்ஸுக்கு நாடு முழுவதும் ஒரே மஞ்சள் நிறம் என்று தீர்மானிக்கச் செய்தார்; மங்கலான விடியற் பொழுதிலும் கண்ணுக்குப் புலப்படுவது அந்த நிறமே என்பது காரணம். அப்பொழுது நாட்டில் 1,17,000 பள்ளி வட்டாரங்கள் இருந்தன. மஞ்சள் பஸ் ஓடத் தொடங்கியதும் ஓராசிரியர் பள்ளிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பூட்டப்பட்டு, வட்டாரங்கள் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டு, 1970-க்குச் சற்றுப் பின்னால் அவற்றின் தொகை 18,000-க்கும் கீழே வந்துவிட்டது. இன்று 13,000 சொச்சம். குழந்தையின் கால் நடையை உத்தேசித்துப் போட்ட கோட்டுக்கு, இருபது மைல் தூரத்தை முக்கால் மணியில் கடக்கும் வண்டி வந்த பிறகு என்ன அவசியம் என்று கேட்கலாம். அவசியம் வேறு இடத்தில் இருந்தது.

டெக்ஸாஸ் ராஜ்யத்தில், ஸான் அன்டோனியோ என்ற ஒரே நகரத்துக்குள், எட்ஜ்வுட் என்றும் அலமோ ஹைட்ஸ் என்றும் இரண்டு வட்டாரங்கள். 1967-68-ஆம் வருஷத்துக் கணக்குப்படி, மெக்ஸிகோ வமிசத்து ஏழைகள் பெரும்பாலாக வசித்த எட்ஜ்வுட்டில் பிள்ளை ஒன்றுக்கு வரி விதிக்கத் தக்க சொத்தின் மதிப்பு 5,960 டாலர். செல்வர்கள் வசித்த அலமோ ஹைட்ஸில் 49,000 டாலருக்கு மேல். எட்ஜ்வுட்டார் நூறு டாலர் மதிப்புக்கு 1 டாலர் 5 ஸென்ட் வீதம் வரி கட்டியும், அதனால் பிள்ளை ஒன்றுக்குக் கிடைத்தது 26 டாலர்தான். அலமோ ஹைட்ஸார் 85 ஸென்ட் மட்டும் கட்டி 333 டாலர் பெற்றார்கள். டிமெட்ரியோ ரோட்ரிகஸ் முதலிய பெற்றோர்கள் தொடுத்த வழக்கில், இந்த வித்தியாசம் அரசியல் சாசனத்துக்கு முரணானதல்ல என்று 1973-இல் சுப்ரீம் கோர்ட்டு ஐவருக்கு நால்வர் என்ற பெரும்பான்மையில் முடிவு செய்தது. அலமோ ஹைட்ஸில் வீடு வாங்குகிறவன், கூரையோடும் சுவரோடும் பள்ளிக்கூடத்தையும் சேர்த்தே விலைக்கு வாங்குகிறான். வாங்கினவனுக்கு அயல் வட்டாரத்துப் பிள்ளை, கட்டணம் கொடுக்காமல் உள்ளே வந்த ஆளாகத் தோன்றுவதில் ஆச்சரியமில்லை.

இந்த வேலிக்குப் பணம் மட்டும் காரணமன்று. 1954-இல் பிரவுன் வழக்கின் தீர்ப்பு நிறவேற்றுமைப் பள்ளிகளை விலக்கியபின், தென்புறத்து வட்டாரங்கள் பல, எந்தப் பிள்ளையும் எந்தப் பள்ளியையும் தேர்ந்துகொள்ளலாம் என்று ‘தேர்ந்தெடுக்கும் சுதந்திரம்’ வழங்கிவிட்டு, அதோடு தங்கள் கடமை தீர்ந்தது என்று உட்கார்ந்தன. வர்ஜீனியாவில் நியூ கென்ட் என்னும் இடத்தில் பள்ளிகள் இரண்டே. மூன்று வருஷச் சுதந்திரத்தில் கறுப்பினத்தாரின் வாட்கின்ஸ் பள்ளிக்கு ஒரு வெள்ளைப் பிள்ளைகூடப் போகவில்லை, கறுப்பினப் பிள்ளைகளில் நூற்றுக்கு 85 பேர் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். அது போதாது என்று 1968-இல் சுப்ரீம் கோர்ட்டு கண்டித்தது. பின்னால் பெற்றோரின் விருப்பத்தை ஆதாரமாகக் கொண்டு எந்தத் திட்டம் வந்தபோதிலும், கறுப்பினத் தலைவர்கள் பலர் அதைச் சந்தேகக் கண்ணோடு பார்த்ததற்கு இந்த அனுபவமே காரணம்.

வடக்கே வேறு விதமான முயற்சிகள் நடந்தன. பாஸ்டன் நகரத்துக் கறுப்பினப் பெற்றோர்கள் முன்னின்று 1966-இல் தொடங்கிய மெட்கோ என்ற திட்டம், 220 பிள்ளைகளை ஏழு புறநகர் வட்டாரங்களுக்குப் பஸ்ஸில் அனுப்பியது. ஸெயின்ட் லூயிஸ் நகரத்தில் 1983-இல் வழக்கைத் தீர்க்க ஏற்பட்ட சமாதான உடன்படிக்கையின்கீழ் எல்லை தாண்டிய நகரத்துப் பிள்ளைகள் ஒரு கட்டத்தில் 14,000-க்கு மேல். ஆனால் இவையெல்லாம் புறநகரார் சம்மதித்ததனால் நடந்தவை. சம்மதியாதவர்களைக் கட்டாயப்படுத்தலாமா என்ற கேள்வி டெட்ராயிட் நகரத்து வழக்கில் வந்தது. நகரத்தையும் 53 புறநகர் வட்டாரங்களையும் ஒன்றாகப் பாவித்து, ஏழே முக்கால் லட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளைக் கலந்து படிக்க வைக்க வேண்டும் என்று நீதிபதி ஸ்டீபன் ராத் இட்ட உத்தரவை, மில்லிகன் வழக்கு என்று பெயர் பெற்ற அந்த வியாஜ்யத்தில், 1974-ஆம் வருஷம் ஜூலை மாதத்தில், மீண்டும் ஐவருக்கு நால்வர் என்ற கணக்கில் சுப்ரீம் கோர்ட்டு ரத்துச் செய்தது. புறநகர் வட்டாரம் தவறு செய்ததாக நிரூபணமாகாதபோது அதன் எல்லையைத் தாண்டிப் பரிகாரம் தேட முடியாது என்றார் பிரதம நீதிபதி பர்கர். நீதிபதி தர்குட் மார்ஷல் எழுதிய மறுப்புத் தீர்ப்போ, ஒரு பெருநகரமே இரண்டாகப் பிளந்துபோவதற்கு இது வழி செய்யும் என்று எச்சரித்தது. இன்றைய ஓப்பன் என்ரோல்மென்ட் விதிகளைப் படிக்கிறவர்கள் இந்தத் தீர்ப்பைத் தெரிந்துகொள்ளாமல் படித்தால் பாதிதான் புரியும். வாசல் கதவின் தாழ்ப்பாள் உள்ளே இருப்பவர்களின் கையிலே இருக்கிறது என்பதை நிலைநாட்டியது அதுவே.

அந்தத் தாழ்ப்பாளை நீதிமன்றத்தின் வழியாக அல்லாமல் சட்டசபையின் வழியாகத் தளர்த்தியவர் மின்னஸோட்டாவின் கவர்னர் ரூடி பெர்பிச். இரும்புச் சுரங்கப் பிரதேசத்தில் குரோவேஷிய வமிசத்துச் சுரங்கத் தொழிலாளி ஒருவருக்கு மகனாய்ப் பிறந்து, பள்ளிக்கூடத்தில் சேரும்வரையில் ஆங்கிலம் பேசத் தெரியாதிருந்து, பல் வைத்தியராகி, அரசியலுக்கு வந்தவர் அவர். பதினோராம், பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் எந்த வட்டாரத்துப் பள்ளியிலும் சேரலாம் என்று 1985-இல் அவர் கொண்டுவந்த யோசனைக்கு, ஆசிரியர் சங்கத்தாரும் பள்ளிச் சபையாரும் பலத்த எதிர்ப்புக் காட்டவே, அவ்வருஷம் நிறைவேறியது கல்லூரி வகுப்புகளில் சேரும் உரிமை மட்டுமே. பெர்பிச் விடவில்லை. 1987-இல் இசைந்த வட்டாரங்களுக்கு மட்டும் என்று தொடங்கி, 1988-ஆம் வருஷத்துச் சட்டத்தால் படிப்படியாக விரித்து, 1990-91-இல் ராஜ்யத்தின் எல்லா வட்டாரங்களுக்கும் அதைப் பொதுவாக்கினார். பள்ளிக்கூடத்துச் செலவில் பெரும் பங்கை மின்னஸோட்டாவில் முன்பே ராஜ்ய சர்க்கார் ஏற்றுக்கொண்டிருந்ததனால், பிள்ளை போகிற இடத்துக்கு அந்தப் பணத்தை அனுப்புவது சாத்தியமாயிற்று.

அந்தச் சட்டத்தில் வண்டியைப் பற்றிய ஒரு விதி இருக்கிறது. சேர்த்துக்கொள்ளும் வட்டாரம், பெற்றோர் கேட்டால், தன் எல்லைக்குள் மட்டும் பிள்ளையை ஏற்றிச் செல்லக் கடமைப்பட்டது. எல்லை வரையில் கொண்டுவந்து விடுவது பெற்றோரின் பாடு. சோளக் காட்டுக்கு நடுவே போகும் ஒரு மண் பாதையில், கண்ணுக்குத் தெரியாத கோட்டுக்கு இந்தப் பக்கம் வரையில் தாயார் காரை ஓட்டிக்கொண்டு வர வேண்டும், அந்தப் பக்கத்தில் மஞ்சள் பஸ் வந்து நிற்கும். வறுமைப்பட்ட குடும்பமானால் எல்லை வரையில் வந்த மைல்களுக்குப் பணம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். கார் இல்லாத வீட்டுக்கு இந்த உரிமை எவ்வளவு தூரம் பயன்படும் என்பதை எந்தச் சட்டசபையும் சரியாகத் தீர்த்து வைத்ததாகத் தெரியவில்லை.

மின்னஸோட்டாவைப் பார்த்து அயோவா, நெப்ராஸ்கா, ஆர்கன்ஸா ஆகிய ராஜ்யங்கள் 1989-இலேயே சட்டம் செய்தன. மிச்சிகனில் காரியம் இன்னும் வேகமாக நடந்தது. 1994-இல் ஜனங்களின் வாக்கினால் நிறைவேறிய ‘ஏ பிரேரணை’ பள்ளிச் செலவின் பெரும் பகுதியைச் சொத்து வரியிலிருந்து ராஜ்யத்து விற்பனை வரிக்கு மாற்றிவிட, 1996 முதல் பிள்ளை ஒவ்வொன்றும் தன் தலைக்கு இத்தனை ஆயிரம் டாலர் என்ற கணக்கோடு எல்லை தாண்டத் தொடங்கிற்று. ஜனத்தொகை குறைந்துவந்த வட்டாரங்கள் நெடுஞ்சாலை ஓரத்தில் விளம்பரப் பலகை நட்டு, வானொலியில் கூப்பிட்டு, பிள்ளைகளைத் தேடின. அக்டோபர் மாதத்து முதல் புதன்கிழமை அங்கே தலை எண்ணும் நாள். வருஷத்து மானியத்தில் பெரும் பகுதி அன்றைய ஹாஜரைப் பொறுத்தது. அன்றைக்குப் பிள்ளைகள் தவறாமல் வர வேண்டும் என்பதற்காகப் பீட்ஸாவும் ஐஸ்கிரீமும் பரிசுச் சீட்டுகளும் கொடுக்கிற பள்ளிக்கூடங்கள் உண்டு. மாசசூஸெட்ஸின் 1991-ஆம் வருஷத்துச் சட்டம் இதற்கு நேர் மாறானது. சேரவேண்டாம் என்று ஒவ்வொரு சபையும் ஆண்டுதோறும் வாக்களித்து ஒதுங்கிக்கொள்ளலாம், சேர்ந்தாலும் சாதாரணப் பிள்ளை ஒன்றுக்கு 5,000 டாலருக்கு மேல் கேட்க முடியாது. அந்த உச்ச வரம்பு எத்தனையோ வருஷங்களாக மாறவேயில்லை.

சட்டம் ராஜ்யத்தினுடையதேயாயினும், அதை நடைமுறையில் ஆள்வது ஒவ்வொரு சபையும் எழுதி வைத்துக்கொள்ளும் விதித் தொகுப்பு. ‘கொள்ளளவு’ என்ற சொல் அதில் பிரதானம். ஒரு வகுப்பில் 22 பிள்ளைகளுக்கு மேல் கூடாது என்று ஒரு சபை வைத்துக்கொண்டால் இடமில்லை. 25 என்று வைத்துக்கொண்டால் மூன்று இடம். கட்டடம் வளரவும் இல்லை, சுருங்கவும் இல்லை. விசேஷக் கல்வி வேண்டிய பிள்ளைகளின் விஷயத்தில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். சாதாரண வகுப்பில் இடம் இருந்தும், தகுந்த ஆசிரியர் இல்லை என்று காட்டி விஸ்கான்ஸின் வட்டாரங்கள் அவர்களை மறுத்தபோது, பெற்றோர்கள் வழக்காடினார்கள். அது பாரபட்சம் ஆகாது என்று ஏழாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் 2019-இல் சொல்லிவிட்டது. கூடப் பிறந்தவர்களுக்கு முன்னுரிமை, ஒழுங்கீனத்துக்காக நீக்கப்பட்ட பிள்ளையை மறுக்கும் அதிகாரம், மனுவுக்குக் கடைசித் தேதி ஆகியவை எங்கும் ஏறக்குறைய ஒரே மாதிரி. அயோவாவில் உயர்தரப் பள்ளி மாணவன் எல்லை தாண்டினால் பொதுவாக 90 பள்ளி நாட்களுக்குப் பந்தயங்களில் பள்ளியின் முதல் அணிக்கு ஆடக் கூடாது. பந்தடிக்கும் பையன்களைப் பயிற்சியாளர்கள் வலை வீசிப் பிடிக்காதிருக்க ஏற்பட்ட விதி அது. கணிதத்தில் கெட்டிக்காரனைப் பற்றி அப்படி யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

ஓஹியோவின் சட்டம் சபைகளுக்கு மூன்று வழிகள் கொடுத்தது: யாரையும் சேர்ப்பதில்லை என்று எழுதலாம், அடுத்த வட்டாரத்தாரை மட்டும் சேர்ப்போம் என்று எழுதலாம், ராஜ்யத்தில் எங்கிருந்து வந்தாலும் சேர்ப்போம் என்று எழுதலாம். ராஜ்யப் படத்தில் இவற்றை வர்ணம் தீட்டிப் பார்த்தால், நாட்டுப்புறம் முழுவதும் திறந்திருக்க, கிளீவ்லண்ட், கொலம்பஸ் முதலிய பெருநகரங்களைச் சுற்றிச் செல்வப் புறநகர்கள் மூடிய வளையமாக நிற்பது தெரியும். அந்த ராஜ்யத்தில்தான் 2011-இல், அக்ரன் நகரத்துக் கறுப்பினத் தாய் ஒருத்தி, தன் தகப்பனாரின் புறநகர் முகவரியைக் காட்டி இரண்டு பெண்களையும் அங்கே படிக்க வைத்த குற்றத்துக்காக ஒன்பது நாள் சிறையிலிருந்தாள். வட்டாரத்தார் துப்பறிவோனை வைத்து அவளைத் தொடர்ந்து படம் பிடித்திருந்தார்கள். நாடெங்கும் கூக்குரல் எழுந்து, கவர்னர் தலையிட்டுப் பெருங் குற்றத்தைச் சிறு குற்றமாகக் குறைத்தார்.

மிஸ்ஸூரியில் நடந்தது இன்னும் விபரீதம். ஒரு வட்டாரம் அங்கீகாரத்தை இழந்தால், அதன் பிள்ளைகள் வேறு வட்டாரத்துக்குப் போகலாம் என்றும், சம்பளத்தையும் வண்டிச் செலவையும் அங்கீகாரம் இழந்த வட்டாரமே கொடுக்க வேண்டும் என்றும் அங்கே ஒரு சட்டம். ஸெயின்ட் லூயிஸின் அருகே, ஏறக்குறைய முழுவதும் கறுப்பினப் பிள்ளைகளே படித்த நார்மண்டி வட்டாரம் 2013 தொடக்கத்தில் அங்கீகாரம் இழந்தது; ஜூன் மாதத்தில் ராஜ்யத்தின் உச்ச நீதிமன்றம் அச்சட்டம் செல்லும் என்றது. உடனே ஆயிரம் பிள்ளைகளுக்குமேல் மனுச் செய்தார்கள். பஸ் விடும் இடமாக நார்மண்டி நிர்வாகம் தேர்ந்தெடுத்தது பக்கத்து வட்டாரத்தை அல்ல, மிஸ்ஸூரி நதிக்கு அப்பால் இருபது மைலுக்கு மேல் தள்ளியிருந்த ஃபிரான்ஸிஸ் ஹவல் வட்டாரத்தை. அவ்வளவு தூரம் போகமாட்டார்கள் என்று நினைத்துத்தான் அப்படிச் செய்தார்கள் என்று அப்போதே பேச்சு. பிள்ளைகள் போனார்கள். அவர்கள் வருமுன் ஜூலையில் அங்கே கூடிய பெற்றோர் கூட்டத்தில், வாசலில் ஆயுதம் கண்டுபிடிக்கும் கருவி வைப்பீர்களா, எங்கள் பிள்ளைகளின் மதிப்பெண் சராசரி என்ன ஆகும் என்றெல்லாம் ஒருவர் பின் ஒருவராக எழுந்து கேட்டார்கள்; அந்தக் கூட்டத்துக்கு வந்திருந்த நார்மண்டித் தாய்மாரும் அதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். சம்பளம் கட்டியே நார்மண்டியின் கஜானா வறண்டுபோக, 2014 ஜூலையில் ராஜ்ய சர்க்கார் அந்த வட்டாரத்தைக் கலைத்து வேறு பெயரில் அமைத்தது. புதிய வட்டாரத்துக்கு அங்கீகாரம் இல்லை என்ற பழி கிடையாது, ஆகவே பிள்ளைகளைத் திருப்பி அனுப்பலாம் என்று ஃபிரான்ஸிஸ் ஹவல் கதவைச் சாத்தியது. வழக்குத் தொடர்ந்த பெற்றோருக்குச் சாதகமாக நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகே அது மீண்டும் திறந்தது.

அண்மைக் காலத்தில் காற்று வேறு திசையில் அடிக்கிறது. 2021-இல் ஓக்லஹோமாவும் 2022-இல் கன்ஸஸும், சேர்ப்பதா இல்லையா என்று முடிவு செய்யும் அதிகாரத்தைச் சபைகளிடமிருந்து எடுத்துவிட்டன. வகுப்புதோறும் எத்தனை இடம் என்பதைக் கணக்கிட்டு வெளியிடும் வேலை மட்டும் சபைக்கு. ஓக்லஹோமாவில் மூன்று மாதத்துக்கு ஒரு முறை எண்களைப் பிரசுரிக்க வேண்டும். கன்ஸஸில் 2024-25-ஆம் பள்ளி வருஷத்திலிருந்து, ஜூன் மாதம் முழுவதும் மனு வாங்கி, மிகுந்தால் குலுக்க வேண்டும். கொள்ளளவைக் கணக்கிடும் விதியை எழுதுவதற்கு முன்னால் பொதுக்கூட்டம் கூட்டி ஜனங்களின் அபிப்பிராயத்தைக் கேட்க வேண்டும் என்றும் கன்ஸஸ் சட்டத்தில் இருக்கிறது. அந்தக் கூட்டத்தில் வாதாடிய உள்ளூர்க்காரர்கள் பிடிக்காத சபையைத் தேர்தலில் மாற்றிவிடலாம், புதுக் கட்டடத்துக்குக் கடன் எழுப்பலாமா என்று வாக்கெடுத்தால் ஆம், இல்லை என்று சொல்லலாம். எல்லைக்கு அப்பாலிருந்து பிள்ளையை அனுப்புகிற தாயார் வந்து பேசிவிட்டுப் போகலாம். அவளுடைய வாக்கு, பிள்ளை படிக்காத பழைய வட்டாரத்துச் சபைக்குத்தான். நூற்றைம்பது வருஷங்களுக்கு முன்னால் நியூ இங்கிலாந்தில் பண்ணையோடு பிரித்துச் சேர்க்கப்பட்ட குடியானவனுக்கு இந்தச் சங்கடம் இல்லை.